செபஸ்தியாரின் கால்விரல்கள்

கொழும்பின் கொட்டாஞ்சேனையில் மாக்ரெட்டை அறிந்தவர்கள் அவளை "முறைக்காரி" என்றுதான் சொல்லுவார்கள். அந்தப் பெயரில் மரியாதை பாதி, சலிப்பு பாதி. மாதக் கடைசியில் அவள் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து, "முறைக்காரி வந்திட்டா, கதிரையில கிடக்கிற உடுப்பை அள்ளு" என்று குரல் கேட்கும். அவள் வந்தால் பின்னால் செபஸ்தியார் வரப்போகிறார் என்று அர்த்தம்.

செபஸ்தியார் மூன்று வயதுப் பிள்ளையின் உயரமுள்ள மரச்சிலை. மரத்தோடு கட்டப்பட்ட உடம்பு, அம்பு குத்துவதற்கான துளைகள், வெறுங்கால். கொட்டாஞ்சேனையிலும் தெமட்டகொடையிலும் வெள்ளவத்தையிலும் சிதறிக் கிடக்கும் சில குடும்பங்களின் வீடுகளில் அவர் மாதத்துக்கு ஒரு வீடாகத் தங்குவார். அதற்குப் பெயர்தான் முறை. முறை எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டில் மாலையில் விளக்கேற்றிச் செபம் சொல்வார்கள். அந்தக் குடும்பங்களுக்குள் சண்டை சச்சரவு வந்தால் அந்த மாதம் அந்த வீட்டில் வைத்துத்தான் தீர்க்க வேண்டும்.

மாக்ரெட்டை நல்ல மனுசி என்று சொல்லிவிட அவசரப்படத் தேவையில்லை. விட்டுக்கொடுக்கத் தெரியாதவள். பிள்ளைக்குச் சோதனை, வீட்டில் பெயின்ற் மணம், மாமிக்குச் சுகமில்லை என்று முறையைத் தள்ளிப்போட முயன்றவர்களை அவள் வாசலில் நின்றே சொல்லால் உரித்திருக்கிறாள். கலியாணம் கட்டவில்லை. கப்பல் முகவர் கம்பனி ஒன்றில் தட்டெழுத்தாளராக வேலை செய்து, தம்பி ஒஸ்வால்டைப் படிப்பித்து, ஓய்வு பெற்றாள். அவளிடம் வேறு என்ன இருந்தது என்று கேட்டால், முறை இருந்தது.

அந்த முறைக்குப் பின்னால் ஓர் ஊர் இருந்தது.

ஐம்பத்தெட்டில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் கொட்டாஞ்சேனையில் வீடு எரிந்த சில கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்கள் வடக்கே ரயில் ஏறின. ஆண்கள் எல்லாரும் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர்கள். தங்கள் ஒழுங்கையின் சின்னச் சொரூபக்கூட்டிலிருந்த செபஸ்தியாரை விட்டுவிட்டுப் போக அவர்களுக்கு மனம் வரவில்லை. மாக்ரெட்டின் தாய் அப்போது புது மணப்பெண். அம்புகளைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, சிலையை ஒரு பிள்ளையைப் போலத் துணியால் சுற்றி, முகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். வழியில் ஒரு நிலையத்தில் சில பேர் பெட்டிக்குள் ஏறி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஒருவன் துணியைக் காட்டி என்ன என்று கேட்டான். "ளமயாட்ட உண" என்றாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று துறைமுகத்துச் சிங்களத்தில் சொன்ன பொய். அவன் துணியைத் தொடாமல் இறங்கிப் போனான்.

வவுனியாவுக்கு அப்பால் ஒரு குளத்தின் கீழே அவர்கள் காடு வெட்டினார்கள். சுற்றிவர இருந்த சைவ ஊர்களில் அவர்களை "வேதக்காரர்" என்றார்கள். முதல் இரண்டு போகம் அந்த ஊர்களுக்கு அவர்கள் நல்ல பகிடி. மாக்ரெட்டின் தகப்பன் நெல் மூட்டைகளைக் கப்பலில் அடுக்குகிற மாதிரி குறுக்கும் மறுக்குமாக அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டினாராம். "புயல் வந்தாலும் மூட்டை அசையாது, மாடுதான் அசையாமல் நிக்குது" என்று பக்கத்து ஊர்க்காரர் சிரித்தார்கள். ஆனால் தங்கள் மாட்டைக் கொடுத்து வண்டியை இழுப்பித்ததும் அவர்கள்தான். அப்படி ஒரு சிற்றூர் உண்டானது. செபஸ்தியார் குடியிருப்பு என்று பெயர் வைத்தார்கள். கோவில் கட்டக் கையில் எதுவும் இல்லாததால் புனிதர் வீடு வீடாகத் தங்கினார். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும்போது அந்த ரயிலில் செய்ததுபோலவே முகத்தை மூடினார்கள். அனுப்புகிறவர்கள் மூடிய சிலையின் காலைத் தொட்டு அனுப்ப வேண்டும். சிலையைக் காவிச் சுமக்கிறவர் துணியை விலக்கக் கூடாது. வாங்குகிற வீட்டார்தான் விளக்கேற்றித் திறக்க வேண்டும். திறந்ததும் காவி வந்தவர் முதலில் காலைத் தொட வேண்டும். மூடிய முகத்தின் முன் விளக்கு இல்லை.

விதைக்கிற நாளில் தொட்டு, அறுக்கிற நாளில் தொட்டு, பிள்ளைகள் முத்தமிட்டு, செபஸ்தியாரின் கால்விரல்கள் தேய்ந்தன. மாக்ரெட் சிறுமியாக இருந்தபோதே அவை நனைந்து கரைந்த சவர்க்காரத் துண்டுபோல் ஒன்றாகிவிட்டிருந்தன. விரல் எங்கே முடிகிறது, பாதம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது.

பிறகு யுத்தம். மாக்ரெட்டுக்கு இருபத்துநாலு வயதில் ஊர் காலியானது. தகப்பன்மார் வீடு எரிந்து விட்டோடிய அதே கொட்டாஞ்சேனைக்குப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். இந்தத் தடவை மாக்ரெட்டின் மடியில் செபஸ்தியார் இருந்தார்.

நகரத்தில் ஆளுக்கொரு மூலையில் வாடகை அறை. ஊர் என்பது மண்ணா, வீடா, சேர்ந்து இருக்கிற மனிதரா என்ற கேள்விக்கு மாக்ரெட்டிடம் ஒரு பதில் இருந்தது. முதல் வருடத் திருநாளில், யாரோ ஒருவருடைய மொட்டைமாடியில் கூடியிருந்தபோது அவள் சொன்னாள்: "முறை நிக்காத வரைக்கும் எங்கட ஊர் இருக்கு. அங்க ஒரு கூரை எழும்புற அண்டைக்கு நான் இவரைத் திருப்பிக் கொண்டுபோய் வைப்பன். இது என்ர வாக்கு." எல்லாரும் மூடிய சிலையின் காலைத் தொட்டு ஓம் என்றார்கள்.

யுத்தம் முடிந்து சில குடும்பங்கள் திரும்பிப் போயின. அவர்களில் எட்வேட் ஒருவன். மாக்ரெட்டின் மாமன் மகன், மனைவியை இழந்தவன், வாய் ஓயாதவன். வாரம் ஒரு தடவை தொலைபேசி எடுப்பான்.

"மச்சாள், கொழும்புப் புகையில கருவாடாகினது காணும். இஞ்ச வாங்கோ."

"வந்து உனக்குச் சமைக்கவோ?"

"ஐயோ, உங்கட சமையல் வேண்டாம். செபஸ்தியாருக்கே அது ஒரு அம்புதான். எங்கட செபஸ்தியார் ஐயாவைக் கொண்டு வாங்கோ, சமையலை நான் பாக்கிறன்."

போன வருடம் சிற்றாலயத்துக்குக் கூரை எழும்பியது. பக்கத்தில் மாக்ரெட்டுக்கும் ஓர் அறை கட்டுவதாக எட்வேட் சொன்னான். ஜன்னலை எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்டு மட்டும் பல தடவை எடுத்தான். குளம் தெரிகிற பக்கம் என்றாள். அன்றிலிருந்து கொட்டாஞ்சேனை அறையிலிருந்த சாமான்களை அவள் ஒவ்வொன்றாகப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினாள்.

ஒஸ்வால்ட் ஒரு யோசனை சொன்னான். இரும்புச் சாமான் கடை வைத்து நன்றாக இருக்கிறவன், நாலு பேர் மதிக்கிற ஆள். "அக்கா, ஐயா நிரந்தரமாப் போறார். பெயின்ற் உரிஞ்ச முகத்தோட அனுப்பினா எங்களுக்குத்தான் வெக்கம். வத்தளையில ஒரு ஆள் இருக்கிறான், சொரூப வேலை நல்லாச் செய்வான். ஒருக்காக் குடுத்து எடுப்பம்." அவள் கொஞ்சம் யோசித்தாள். கடைசியில் சம்மதித்தாள். விரலில் மட்டும் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

சிலை வேலை முடிந்து ஒஸ்வால்டின் மேல்மாடிக்கு வந்தது. அடுத்த முறை குடியிருப்பினுடையது என்பதால் முகத்தை மூடி வைத்துவிட்டதாகச் சொன்னான். ரயிலில் தாய் சுற்றிய அதே பழைய சேலைத்துண்டு, தலையிலிருந்து கால்வரை சுற்றியிருந்தது. சரியான ஒழுங்கு. மாக்ரெட்டுக்கு அதில் குறை காண ஒன்றும் இருக்கவில்லை.

புறப்படுகிற காலையில் ஒரு விஷயம் மட்டும் அவளுக்குப் பிடிக்கவில்லை. வழியனுப்ப ஒருவரும் வரவில்லை. ஒருவருக்கு டியூட்டி, ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்குப் பிள்ளையின் ரியூசன். கொழும்பு மனிதரின் சோம்பல் என்று நினைத்தாள். ஒஸ்வால்ட் சிலையைத் தூக்கி ஓட்டோவில் வைத்தான். அவன் மகள் றஷ்மி படியில் நின்றாள்.

"காலைத் தொடுங்கோவன்" என்று மாக்ரெட் அதட்டினாள். "இனி எப்ப தொடப்போறியள்?"

ஒஸ்வால்ட் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தான். றஷ்மி உள்ளே போய்விட்டாள். மாக்ரெட் இரண்டு பேருக்கும் சேர்த்துத் தானே தொட விரும்பினாள். ஆனால் காவுகிறவள் தொடுவது வழக்கமில்லை. கையை எடுத்துக்கொண்டாள்.

வவுனியா பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தாள். கனத்தில் கால்கள் மரத்துப்போயின. குருநாகலுக்குப் பக்கத்தில் அருகிலிருந்த பெண் சிங்களத்தில் கேட்டாள், என்ன இது என்று. தாய் சொன்ன அந்தப் பொய் மாக்ரெட்டுக்கு நினைவு வந்து சிரிப்பு வந்தது. இந்தத் தடவை உண்மையைச் சொன்னாள். எங்கள் ஊர்ப் புனிதர், வீட்டுக்குப் போகிறார் என்றாள்.

குடியிருப்பில் எல்லாரும் வந்திருந்தார்கள். அது பெரிய கூட்டமில்லை, அந்தச் சின்ன ஆலயம் நிறையப் போதுமான ஆட்கள். எட்வேட் விளக்கை ஏற்றினான். துணியை விலக்கினான். மினுங்குகிற சிவந்த உதடும் கறுத்த முடியுமாக முகம் வெளிப்பட்டது.

"ஐயா இளந்தாரியாகியெல்லோ வந்திருக்கிறார்!" என்றாள் பின்னாலிருந்த ஒரு கிழவி. எல்லாரும் சிரித்தார்கள். சிலர் அழுதார்கள். பாட்டுத் தொடங்கியது.

மாக்ரெட் குனிந்து காலில் கை வைத்தாள்.

ஐந்து விரல்கள் இருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியாக, நகத்தோடு, இடையில் பள்ளத்தோடு. அவள் மற்றக் காலைத் தடவினாள். அங்கேயும் ஐந்து. மரத்தின் வெதுவெதுப்பு இல்லை. கை நடுங்கியது. பின்னால் ஆட்கள் காத்திருந்ததால் விலகி நின்றாள்.

அடுத்தது எட்வேட். அவன் கை பாதத்தில் போய் நின்றது. நிமிர்ந்து சிலையின் முகத்தைப் பார்த்தான். பிறகு மாக்ரெட்டைப் பார்த்தான். பகிடி பேசாத எட்வேட்டை அவள் அதுவரை கண்டதில்லை.

அவன் துணியை எடுத்து மெல்ல முகத்தை மூடினான். விளக்கை அணைத்தான். பாட்டு அறுந்தது. "ஏன் தம்பி?" என்று யாரோ கேட்டார்கள்.

"இது எங்கட ஐயா இல்லை" என்றான்.

எல்லாரும் மாக்ரெட்டைத்தான் பார்த்தார்கள். வேறு யாரைப் பார்ப்பது? கொண்டு வந்தவள் அவள். வெளியே வேப்பமரத்தடியில் எட்வேட் கேட்டான், "எப்ப தெரியும், மச்சாள்?"

"இப்பதான். உனக்கு ஒரு நிமிசம் முன்னால."

அவன் நம்புகிறேன் என்றும் சொல்லவில்லை, நம்பவில்லை என்றும் சொல்லவில்லை. கிழவி மட்டும் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "எங்களுக்கு இது காணும் எண்டு கொழும்பில நினைச்சுப்போட்டினம். அதையும் எங்கட பிள்ளையின்ர கையில குடுத்தெல்லோ அனுப்பியிருக்கினம்."

மாக்ரெட் தனக்காகக் கட்டிய அறையில் கால் வைக்கவில்லை. கிழவியின் வீட்டு மரவாங்கில் விடியும்வரை இருந்துவிட்டு முதல் பஸ்ஸில் திரும்பினாள். எட்வேட் பஸ் தரிப்பிடத்துக்கு வரவில்லை.

கொழும்பில் இறங்கியதும் தன் அறைக்குப் போகாமல் நேரே ஒஸ்வால்டின் மேல்மாடிக்கு ஏறினாள். முன்னறைக் கதவு திறந்திருந்தது. புதிதாக அடித்த பலகைத் தட்டில், மல்லிகைச் சரத்துக்குக் கீழே, உரிந்த முகத்தோடு செபஸ்தியார் நின்றார். அவள் கிட்டப் போய்க் காலைத் தடவினாள். சவர்க்காரத் துண்டு. அழுகை வரவில்லை.

"இருங்கோ அக்கா" என்றான் ஒஸ்வால்ட். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கை கழுவாமல் எழுந்து நின்றான். "றஷ்மி, மாமிக்குத் தேத்தண்ணி போடு."

"தேத்தண்ணி வேண்டாம். அந்தப் புதுசுக்கு இவற்ர கனம் வர என்ன போட்டனி?"

றஷ்மிதான் சொன்னாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "அடியில சீமெந்து, மாமி."

"ஆரார் அறிவினம்?"

"அக்கா, கொஞ்சம் இருந்து கேளுங்கோ..."

"ஆரார்?"

"எல்லாரும்" என்றான் ஒஸ்வால்ட். "தெமட்டகொடையும் வெள்ளவத்தையும் எல்லாரும். கூட்டம் வச்சுத்தான் முடிவெடுத்தனாங்கள். நான் தனிய ஒண்டும் செய்யேல்ல."

"எப்ப வச்சனீங்கள்?"

"நீங்கள் கண் ஒப்பரேசனுக்குப் பொரளை ஆஸ்பத்திரியில நிண்ட நேரம்."

கட்டுப்போட்ட கண்ணோடு படுத்திருந்த அந்த மாலை அவளுக்குத் தெளிவாக நினைவிருந்தது. "அண்டைக்குப் பின்னேரம் நீ எனக்கு சூப் கொண்டு வந்தனி."

"ஓம்."

"கூட்டம் முடிச்சிட்டோ வந்தனி?"

"ஓம், அக்கா."

அவள் கதிரையில் அமர்ந்தாள். அந்நியன் ஒருவன் திருடலாம், அடிக்கலாம், வீட்டைக் கொளுத்தலாம். அவனால் இதைச் செய்திருக்க முடியாது. துணியை அவள் விலக்க மாட்டாள் என்பது தெரிந்திருக்க வேண்டும். காவும்போது காலைத் தொட மாட்டாள் என்பது தெரிந்திருக்க வேண்டும். அவள் கையால் போனால் எட்வேட் கேள்வி கேட்கமாட்டான் என்பது தெரிந்திருக்க வேண்டும். கூட வளர்ந்தவனுக்குத்தான் இவ்வளவும் தெரியும். ரயிலில் வந்த அந்த ஆள்கூடத் துணியைத் தொடவில்லை. தம்பி அதே துணியை வைத்தே காரியத்தை முடித்திருந்தான்.

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே" என்றாள். "கேட்டிருக்கலாமே."

"கேட்டா என்ன சொல்லியிருப்பியள்? உங்களுக்குத் தெரிஞ்சா உங்கட முகத்தில தெரியும்." ஒஸ்வால்டின் குரல் உயர்ந்தது. "அவர் போனாப்பிறகு நாங்கள் ஆர், அக்கா? எங்கட பிள்ளையள் அங்க போய் வயல் விதைக்கப்போகுதுகளோ? மாதத்தில ஒருக்கா இவரைக் காவுறபடியாத்தான் இஞ்ச ஒருத்தரை ஒருத்தர் தெரியுது. இல்லாட்டி செத்த வீட்டுக்கும் வரமாட்டினம். நீங்கள்தான் சொன்னனீங்கள், முறை நிக்காத வரைக்கும் ஊர் இருக்கெண்டு. அதைத்தான் நாங்கள் காப்பாத்தினது."

அவன் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவளுடைய வாக்கியத்தையே எடுத்து, அதன் பின்பாதியை வெட்டி எறிந்துவிட்டு அவள் முன்னால் வைத்தான்.

"நான் ரெண்டு சொன்னனான், ஒஸ்வால்ட். மற்றதையும் கால் தொட்டுத்தான் ஓம் எண்டனீங்கள்."

அவள் கைப்பையைத் திறந்து, பூசைக்குப் போடும் வெள்ளை முக்காட்டை எடுத்தாள். தட்டின் முன்னால் போய்ச் செபஸ்தியாரின் தலைமேல் போட்டு, கழுத்தோடு சுற்றி, முகத்தை மூடி முடிச்சுப் போட்டாள். தட்டிலிருந்த விளக்கை ஊதி அணைத்தாள்.

"அக்கா, என்ன செய்யிறியள்?"

"அடுத்த முறை குடியிருப்பினது. நீ சொன்னதுதான். மூடியாச்சு. இனி இவர் வழியில நிக்கிறார். அங்கதான் திறக்க வேணும்."

"நீங்கள் தூக்கிக்கொண்டு போகேலாது."

"நான் தூக்கமாட்டன். ஒருக்காக் காவினது காணும். பொய்யை அனுப்பத் தெரிஞ்ச உங்களுக்கு இவரை அனுப்பத் தெரியாதோ? வாற ஞாயிறு வரைக்கும் பாக்கிறன்."

ஒஸ்வால்ட் முடிச்சை நோக்கிக் கையை நீட்டினான். "அப்பா!" என்றாள் றஷ்மி. கை பாதி வழியில் நின்றது. எச்சில் கை அது. அவன் அதைப் பார்த்துவிட்டுக் கீழே போட்டான். மாக்ரெட் படி இறங்கினாள்.

அன்று மாலை எட்வேட்டுக்கு எடுத்து எல்லாவற்றையும் சொன்னாள். சூப்பையும் சொன்னாள்.

"நீங்கள் அறிஞ்சுதான் கொண்டுவந்தனீங்கள் எண்டு இஞ்ச சிலர் கதைக்கினம்" என்றான் எட்வேட்.

"நீ?"

"உங்கட கை நடுங்கினதைக் கண்டனான், மச்சாள். ஆனா அது எனக்குக் காணும். மற்றவைக்குக் காணாது."

"புதுசை என்ன செய்தனீங்கள்?"

"மூடினபடிதான் இருக்கு. எறியவும் மனமில்லை, கும்பிடவும் மனமில்லை."

அந்த வாரம் முழுக்க அவள் எதிர்பார்த்தாள். தெமட்டகொடைக் குடும்பத்தில் ஒருவராவது வந்து கதவைத் தட்டுவார், செபஸ்தியாரைக் கொண்டுபோவம் என்று சொல்லுவார் என்று. முப்பது வருடத்துக்கு மேலாக அவள் தட்டிய கதவுகள். சந்தையில் கண்ட ஒருத்தி மீன் பார்க்கிற சாக்கில் திரும்பி நின்றாள். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மாலைப் பூசை முடிந்து, தலையில் முக்காடு இல்லாமல் ஒழுங்கைக்குள் நடந்தாள். ஒஸ்வால்டின் மேல்மாடி ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே பல குரல்கள் சேர்ந்து செபம் சொல்லிக்கொண்டிருந்தன. குரல்களை அவளால் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்ல முடியும். தட்டு இருக்கிற பக்கத்துச் சுவரில் விளக்கின் மஞ்சள் வெளிச்சம் அசைந்தது.

விளக்கு எரிகிறதென்றால் முகம் திறந்திருக்கிறது.

அவள் மேலே போகவில்லை. யார் முடிச்சை அவிழ்த்தது என்று அறிய அவளுக்கு விருப்பமில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள், அது போதும். அறைக்குப் போய் எட்வேட்டுக்கு எடுத்தாள்.

"திறந்திட்டினம்" என்றாள்.

எட்வேட் ஒரு மூச்சு விட்டான். "அப்ப முறை முடிஞ்சுது."

"முடிஞ்சுது."

"வாறியளோ?"

"வந்தால் எல்லாருக்கும் முன்னால நிண்டு சொல்லவேணும். நான் காவினது பொய் எண்டு. நம்பினாலும் சரி, நம்பாட்டிலும் சரி."

"கிழவி நம்பாது. அது லேசில விடாது."

"விடவேண்டாம்."

மறுநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வவுனியா பஸ்ஸில் ஏறினாள். கொண்டுபோக அதிகமில்லை. மிச்சத்தை எல்லாம் ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தாள், இப்போது அவளைப் பார்த்துத் திரும்பி நிற்கிற அதே மனிதருக்கு. ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கொண்டக்டர் வந்து, பெட்டி வழியில் நிற்கிறது, மடியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான்.

"இல்லை, தம்பி. அதை மேல போடுங்கோ" என்றாள்.

பஸ் புறப்பட்டது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முன்னிருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.